மூடுபனியில் பிரைட் போடாதீர்கள்

கொடைக்கானல் போகிற வத்தலக்குண்டு சாலையில் ஊத்து தாண்டிப் பெருமாள்மலை ஏறும்போது மேகம் இறங்கிவிட்டால், மலைக்குப் புதிதாக வண்டி ஓட்டி வருபவர் முதல் காரியமாக பிரைட் போடுவார். உடனே கண்ணாடிக்கு முன்னால் ஒரு வெள்ளைச் சுவர் எழும்பும். காற்றில் மிதக்கிற நீர்த்துளிகள் அந்த வெளிச்சத்தை அப்படியே அவர் கண்ணுக்கே திருப்பி அடிக்கும். இந்த ரோட்டிலேயே பிழைக்கிற ஜீப் டிரைவர் டிம்முக்கு மாறி, செகண்ட் கியருக்கு வந்து, ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போவார். கொஞ்ச தூரம்தான் தெரியும். அதைத் தாண்டினால் அடுத்த கொஞ்சம் தெரியும்.

"தேவசித்தம் தெரியணும், ஜெபம் பண்ணுங்க" என்று சபையில் ஜெபக்குறிப்பு கொடுப்பவர்களில் பெரும்பாலோர் கேட்பது பிரைட் லைட்டைத்தான். பையன் கனடா போனால் நன்றாக இருப்பானா? இந்த வரன் கடைசிவரை ஒத்துவருமா? இடத்தை விற்றால் பிற்பாடு வருத்தப்படுவோமா? மூன்றும் ஜோசியரிடம் கேட்கிற கேள்விகள். ஆளை மட்டும் மாற்றியிருக்கிறோம். சங்கீதம் 119:105 வசனத்தைக் கால்களுக்குத் தீபம் என்கிறது. அந்தக் காலத்துத் தீபம் உள்ளங்கையில் அடங்குகிற மண் விளக்கு. கொஞ்சம் ஒலிவ எண்ணெய், ஒரு திரி. அடுத்த அடியை எங்கே வைப்பது என்று காட்டும், அவ்வளவுதான்.

என் கணிப்பில், வழிநடத்துதல் தேடுகிறவர்கள் இடறுவது பதிலில் இல்லை, கேள்வியில். கேள்வியைப் பிரித்து வைக்கத் தெரிந்துவிட்டால் பாதிக்கு மேல் ஜெபக்குறிப்புகள் வேலைப்பட்டியலாக மாறிவிடும். எப்படிப் பிரிப்பது என்பதை ஒரு உதாரணத்தோடு பார்க்கலாம்.

வில்பட்டி பக்கம் ஒரு குடும்பத்துக்கு 60 சென்ட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேரட்டும் பீன்ஸும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள், ஓரத்தில் நாலு பேரிக்காய் மரம். அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அம்மா இருக்கிறார். பிள்ளைகள் மூவர்: மூத்த அக்கா கல்யாணமாகி திண்டுக்கல்லில், நடு அண்ணன் திருப்பூரில், தம்பி இங்கேயே தோட்டம் பார்க்கிறான். காட்டேஜ் கட்ட ஒருவர் நல்ல விலை சொல்கிறார். குடும்ப ஜெபத்தில் விண்ணப்பம் ஏறுகிறது: "கர்த்தாவே, இந்த இடத்தை விற்கலாமா, வேண்டாமா, உம்முடைய சித்தத்தைக் காட்டும்."

ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் இந்த வரியை எழுதி, அதற்கு அடியில் பதில் சொல்ல வேண்டிய கடைசித் தேதியை எழுதுங்கள். தேதி இல்லாத கேள்வி வருஷக்கணக்கில் ஜெபக்குறிப்பாகவே கிடக்கும். தேதியை யார் வைத்தார்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். "வெள்ளிக்கிழமைக்குள் சொல்லணும்" என்பது புரோக்கர் வைத்த தேதியாக இருந்தால், அது கர்த்தர் வைத்த தேதி இல்லை என்பது எழுதும்போதே கண்ணில் படும். அடுத்த பக்கத்தை நாலாக மடித்துக்கொள்ளுங்கள்.

முதல் கட்டத்தில் ஏற்கெனவே சொல்லப்பட்டவை. இதற்கு ஜெபித்துப் பதில் கேட்கக்கூடாது. கீழ்ப்படிய பெலன் மட்டும் கேட்கலாம். 60 சென்ட் விஷயத்தில் அக்காவின் பங்கு இந்தக் கட்டத்தில் வருகிறது. 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு. மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக, ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல். அப்படியானால் அம்மாவுக்கு 20 சென்ட், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 13 சென்ட்டுக்குச் சற்று மேல். "அக்காவுக்குக் கல்யாணத்திலேயே நகை போட்டாச்சே" என்பது சட்டத்திலும் இல்லை, வேதத்திலும் இல்லை. செலொப்பியாத்தின் ஐந்து மகள்கள் வந்து தங்களுக்குப் பங்கு கேட்டபோது அவர்கள் பேசுவது சரி என்று கர்த்தரே மோசேயிடம் சொன்னார் (எண்ணாகமம் 27:7). அக்காவிடம் இன்னும் பேசவே இல்லையென்றால், விற்கலாமா என்ற ஜெபம் தொடங்கவே இல்லை. முழு இரவு ஜெபம் வைத்தாலும் அது தொடங்கியதாகாது. எல்லைக்கல்லைக் கொஞ்சம் நகர்த்தி அளந்திருந்தால் அதுவும் இதே கட்டம்தான்.

இரண்டாவது கட்டம், விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியவை. வில்லங்கச் சான்று எடுத்தாயிற்றா? பட்டா இன்னும் அப்பா பெயரில்தானா? சர்வேயர் அளந்தாரா? ஹாக்கா (மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) அனுமதி தேவைப்படுகிற ஊரா, வாங்குகிறவர் அதைத் தெரிந்துதான் விலை சொல்கிறாரா, அல்லது அட்வான்ஸ் கொடுத்துவிட்டு அனுமதி கிடைக்கவில்லை என்று இழுத்தடிப்பாரா? தண்ணீர் வருகிற வாய்க்கால் யார் இடத்தில் போகிறது? இவற்றைத் தாலுகா ஆபீஸிலும் பதிவு அலுவலகத்திலும் கேட்க வேண்டும். பரலோகத்தில் கேட்பது சோம்பல். நெகேமியா எருசலேமின் மதில் இடிந்த செய்தி கேட்டது கிஸ்லேயு மாதம், ராஜாவிடம் வாய் திறந்தது நிசான் மாதம். இடையில் ஏறக்குறைய நாலு மாத ஜெபம். அப்படி ஜெபித்தவர் எருசலேம் போனதும் செய்த முதல் வேலை, இராத்திரியில் கழுதையோ குதிரையோ ஒன்றின்மேல் ஏறி, இடிந்த மதிலை வாசல் வாசலாகச் சுற்றிப் பார்த்தது. ஓர் இடத்தில் மிருகம் போக வழியில்லை என்பதுவரை எழுதி வைத்திருக்கிறார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கிபியோனியர் பூசணம் பூத்த அப்பத்தையும் கிழிந்த திராட்சரசத் துருத்தியையும் கொண்டுவந்து, நாங்கள் தூரதேசத்தார், எங்களோடு உடன்படிக்கை பண்ணுங்கள் என்றபோது யோசுவாவின் ஆட்கள் அப்பத்தை வாங்கிப் பார்த்தார்கள். பரிசோதனை நடந்தது, கர்த்தரைக் கேட்பது மட்டும் நடக்கவில்லை. மூன்று நாளில் குட்டு வெளிப்பட்டது, பக்கத்து ஊர்க்காரர்கள் (யோசுவா 9). விசாரணையும் ஜெபமும் ஒன்றுக்கு ஒன்று மாற்று இல்லை.

மூன்றாவது கட்டம் பலருக்கு நம்பவே கஷ்டமாக இருக்கும்: உங்கள் இஷ்டத்துக்கு விடப்பட்டவை. விதவை மறுமணம் பற்றிப் பவுல் எழுதும்போது, கர்த்தருக்குட்பட்டவனாக இருந்தால் போதும், யாரை என்பது அவள் இஷ்டம் என்கிறார் (1 கொரிந்தியர் 7:39). வேலி போட்டாயிற்று, வேலிக்குள் எங்கே மேய்வது என்பது ஆட்டின் விருப்பம். இந்த வருஷம் கேரட்டா பூண்டா, வீட்டுக்கு நீலமா பச்சையா, பிள்ளையை மலைமேல் பள்ளியில் சேர்ப்பதா கீழே சேர்ப்பதா என்பதில் பலவும் இந்தக் கட்டத்துக்குள் வரும். ஞானம் கேளுங்கள், யாக்கோபு 1:5 அதைத்தான் சொல்கிறது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு சரியான விடை எங்கோ ஒளிந்திருக்கிறது, அதைக் கண்டுபிடிக்காவிட்டால் வாழ்க்கையே தடம்புரளும் என்ற பயம் வேதத்திலிருந்து வந்ததல்ல.

நாலாவது கட்டத்தில் மீதி நிற்பது எதுவோ அதுதான் காத்திருந்து கேட்க வேண்டிய கேள்வி. நம் உதாரணத்தில் கடைசியில் அது இப்படிச் சுருங்கலாம்: "அம்மா இருக்கும்வரை தம்பி இந்த மண்ணில் தங்க நீர் அழைக்கிறீரா, அல்லது அவனை விடுவிக்கிறீரா?" விற்பதா வேண்டாமா என்று தொடங்கியது ஒரு மனிதனின் அழைப்பைப் பற்றிய கேள்வியாக மாறிவிட்டது. புதிதாக ஒரு பக்கத்தில் இந்தக் கேள்வியை எழுதி, பழையதை அடித்துவிடுங்கள்.

இனி தினசரி வேலை. 25 நிமிஷம் போதும். பத்து நிமிஷம் வாசிப்பு, ஐந்து நிமிஷம் வாய் பேசாமல் இருப்பது, பத்து நிமிஷம் எழுத்து. வாசிப்புக்குக் கேள்வியோடு சம்பந்தமே இல்லாத ஒரு புத்தகத்தைத் தொடர்ச்சியாக எடுங்கள். மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம். தினம் அரை அதிகாரம் என்றால் ஒரு மாதம் வரும். ஏன் சம்பந்தம் இல்லாதது? மொபைல் ஆப்பில் "நிலம்" என்று தேடிப் பாருங்கள். எரேமியா ஆனதோத்தில் இருந்த நிலத்தை 17 சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்கினார், கர்த்தர் சொல்லியே வாங்கினார். பர்னபா தன் நிலத்தை விற்றுப் பணத்தை அப்போஸ்தலர் பாதத்தில் வைத்தார். நாபோத் விற்கமாட்டேன் என்று ராஜாவிடமே சொல்லி உயிரை விட்டார். வாங்கு, விற்றுவிடு, விற்காதே, மூன்றுக்கும் வசனம் ரெடி. மனசு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்த வசனத்தில்தான் விரல் நிற்கும், நின்றதும் "கர்த்தர் பேசினார்" என்று சாட்சி ஆகிவிடும். தொடர்ச்சியாக வாசிக்கும்போது நீங்கள் கேட்காத விஷயத்தை வசனம் பேசும். பேராசையைப் பற்றி, அண்ணன்மேல் வைத்திருக்கிற கசப்பைப் பற்றி. கேள்வியை வைத்தவனைத் திருத்துவதில் பாதி வழிநடத்துதல் முடிந்துவிடுகிறது.

எழுத்தில் மூன்றே விஷயம்: இன்று எந்த வரி நின்றது, கேள்வியை நினைக்கும்போது மனசு எந்தப் பக்கம் போனது, நேற்று ராத்திரி தூங்கினேனா. கடைசியானது வேடிக்கையாகத் தெரியலாம். சூரைச்செடியின் கீழ் சாகக் கேட்ட எலியாவுக்கு அந்த நேரத்தில் போதகம் வரவில்லை. தூக்கம், தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர், மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு. அமர்ந்த மெல்லிய சத்தம் அதற்கப்புறம் 40 நாள் நடந்து ஓரேபுக்குப் போன பிறகுதான். நாலு நாள் தூங்காதவன் எடுக்கிற எந்த முடிவையும், அவன் எவ்வளவு ஜெபித்திருந்தாலும், நோட்டில் பென்சிலால் எழுதுவது நல்லது.

உபவாசம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மதியச் சாப்பாடு ஒன்றை விட்டு அந்த நேரத்தை ஜெபத்துக்குக் கொடுப்பதே பலருக்குப் போதும். சுகர் மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இருக்கக்கூடாது. கேட்டது கிடைக்கும்வரை சாப்பிடமாட்டேன் என்பது கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்காருகிற உண்ணாவிரதம். ஏசாயா 58 சொல்கிற உபவாசம் வேறு.

அடையாளங்களுக்கு வருவோம், அதிகம் வழுக்குகிற வளைவு இதுதான்.

வேதாகமத்துக்குள் இரண்டு சீட்டு, "போ" என்று ஒன்று, "போகாதே" என்று ஒன்று. ஜெபித்துவிட்டு வீட்டுச் சின்னப்பிள்ளையை எடுக்கச் சொல்வது. பிடிக்காதது வந்தால் "மூன்று தடவை எடுப்போம்" என்று விதியே மாறும். கணக்கைப் பாருங்கள்: எட்டு வீடுகள் மூன்று தடவை சீட்டு எடுத்தால், சராசரியாக ஒரு வீட்டில் மூன்று தடவையும் "போ" வரும். அந்த வீடு சபையில் எழுந்து சாட்சி சொல்லும். மற்ற ஏழு வீடும் பேசாமல் இருக்கும். கேட்கிறவர்களுக்குச் சீட்டு தவறாது என்று தோன்றும். அப்போஸ்தலர் 1-ல் சீட்டு போட்டார்களே என்றால், ஆம். யார் தகுதி என்று முதலில் அலசி இரண்டு பேராக வடிகட்டி, ஜெபித்து, அதற்கப்புறம் போட்டார்கள். அடுத்த அதிகாரத்தில் பெந்தெகொஸ்தே. அதன்பின் முடிவெடுக்கச் சபை சீட்டு போட்டதாக ஓர் இடத்திலும் இல்லை. பதினைந்தாம் அதிகாரத்தில் பெரிய தகராறு வந்தபோது உட்கார்ந்து பேசித் தீர்த்து, பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது என்று கடிதம் எழுதினார்கள்.

கிதியோன் அடையாளம் கேட்டுப் போட்ட ஆட்டுத்தோல் இன்னொன்று. முதல் ராத்திரி தோல் மட்டும் நனைய வேண்டும், தரை காய்ந்திருக்க வேண்டும் என்று கேட்டார், அப்படியே நடந்தது. ஜனவரியில் கொடைக்கானலில் ஒரு கம்பளி ஸ்வெட்டரைக் கொடியில் மறந்து விட்டவர்களுக்குத் தெரியும், கம்பளி பனியை எப்படிக் குடிக்கும் என்று. முதல் அடையாளம் தானாகவே நடந்திருக்கக்கூடியது. கிதியோனுக்கும் அந்தச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மறுநாள் திருப்பிக் கேட்டார், தோல் காயட்டும், தரை நனையட்டும் என்று. கேட்கும்போதே "கோபம் வேண்டாம்" என்று கெஞ்சுகிறார் (நியாயாதிபதிகள் 6:39). காரணம், போக வேண்டும் என்ற கட்டளை அவருக்கு 14-ம் வசனத்திலேயே வந்தாயிற்று. தோல் போட்டது தெரியாததால் அல்ல, தயக்கத்தால். கர்த்தர் அந்தத் தயக்கத்தைப் பொறுத்துக்கொண்டார். அதை எல்லாரும் பின்பற்றும் முறையாக்கவில்லை. "நாளைக்கு மழை பெய்தால் போகிறேன்" என்று நவம்பரில் இந்த மலையில் உட்கார்ந்து கேட்பவர் அடையாளம் கேட்கவில்லை, வானிலை சொல்கிறார்.

புத்தாண்டு ஆராதனையில் எடுக்கிற வாக்குத்தத்த அட்டையிலும் இதே சிக்கல். "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை" தருவேன் என்கிற எரேமியா 29:11 கையில் வந்ததும், விசா கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். அந்தக் கடிதம் பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்குப் போனது. ஐந்தாம் வசனம் அங்கேயே வீடு கட்டு, தோட்டம் போடு என்கிறது. பத்தாம் வசனம் 70 வருஷம் ஆகும் என்கிறது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும் என்று ஆலயத்தில் எல்லார் முன்னாலும் அறிவித்தார். ஜனத்துக்கு எது இனித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அனனியா அந்த வருஷமே இறந்தார். அட்டையை எடுக்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எடுத்ததும் முந்தின பத்து வசனம், பிந்தின பத்து வசனம் வாசித்துவிட்டு பர்ஸில் வையுங்கள்.

தீர்க்கதரிசனம் சொல்ல வருகிறவர்கள் விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். அற்பமாக எண்ணவும் கூடாது, சோதிக்காமல் விழுங்கவும் கூடாது, 1 தெசலோனிக்கேயர் 5:20, 21 இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்கிறது. சொன்ன வார்த்தையை அரைமணி நேரத்துக்குள் அப்படியே எழுதிவிடுங்கள். சாயங்காலம் ஆவதற்குள் சொந்தக்காரர்கள் அதற்குக் கை கால் வைத்துவிடுவார்கள். அவர் பேசுவதற்கு முன் உங்களிடம் எத்தனை கேள்வி கேட்டார் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் வாயிலிருந்து வாங்கியதையே உங்களுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். உங்கள் ஆயர் முன்னால், அல்லது பாஸ்டர் முன்னால், இதையே சொல்லத் தயாரா என்று கேளுங்கள். காணிக்கையும் பயமுறுத்தலும் சேர்ந்து வந்தால் வாசல்வரை வழியனுப்பிவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக 1 இராஜாக்கள் 13. "அப்பம் சாப்பிடாதே" என்று நேரடியாகக் கட்டளை பெற்ற தேவனுடைய மனுஷனிடம், கிழவனான ஒரு தீர்க்கதரிசி தூதன் சொன்னான் என்று பொய் சொன்னார். இவர் நம்பிப் போய்ச் சாப்பிட்டார். திரும்புகிற வழியில் சிங்கம்.

உண்மையான தீர்க்கதரிசனமாக இருந்தாலும் முடிவு உங்களுடையதுதான். அகபு என்ற தீர்க்கதரிசி பவுலின் கச்சையை எடுத்துத் தன் கை கால்களைக் கட்டிக்கொண்டு எருசலேமில் நடக்கப்போவதைக் காட்டினார். கேட்டவர்கள் எல்லாரும் "போகவேண்டாம்" என்று அர்த்தம் செய்தார்கள். பவுல் "தயாராகப் போ" என்று எடுத்துக்கொண்டார். செய்தி ஒன்று, அர்த்தம் இரண்டு.

"சமாதானம் இருக்கு" என்கிற அளவுகோலையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். யோனா யோப்பாவுக்குப் போனார், தர்ஷீசுக்குப் போகிற கப்பல் தயாராக நின்றது, கையில் கூலிக்குப் பணம் இருந்தது, ஏறியதும் அயர்ந்து தூங்கினார். கதவு திறந்தது, பணம் அமைந்தது, சமாதானமும் இருந்தது. ஓடிக்கொண்டிருந்தார். கெத்செமனேயில் இருந்த இயேசுவுக்கோ வியர்வை இரத்தத் துளிகளாக விழுந்தது. அவர் சித்தத்தின் மையத்தில் இருந்தார். பவுலுக்குத் துரோவாவில் கதவு திறந்தும் தீத்துவைக் காணாததால் மனசு அமரவில்லை, விட்டுவிட்டுக் கிளம்பினார் (2 கொரிந்தியர் 2:12, 13). திறந்த கதவைப் பார்த்ததும் நுழைய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அப்படியானால் உள்மனசு சொல்வதை எப்படித்தான் எடைபோடுவது? இந்த விஷயத்தில் கத்தோலிக்கத் துறவிகளான இயேசு சபையாரிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. சிஎஸ்ஐக்காரர்களும் பெந்தெகொஸ்தேகாரர்களும் பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்க வேண்டாம். செண்பகனூரில் 1895-ல் தொடங்கிய திரு இருதயக் கல்லூரிக்கு இளம் துறவிகள் வந்து பயின்ற காலமெல்லாம் அவர்கள் கையில் இருந்தது, அந்தச் சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் 1522-ல் மன்ரேசாவில் எழுதத் தொடங்கி 1548-ல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற பயிற்சிக் குறிப்புகள். அதில் ஒரு விதி: மனசு வறண்டு, ஜெபம் வராமல், எல்லாம் வீண் என்று தோன்றுகிற காலத்தில், தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றாதே. மலையில் இதற்குத் தனி அர்த்தம் உண்டு. ஐப்பசி கார்த்திகையில் நாலைந்து நாள் வெயில் முகமே காட்டாமல், துணி காயாமல், சுவரில் பூசணம் ஏறி, கரண்டும் போய்விட்டால் "இந்த ஊரே வேண்டாம், கீழே போயிடலாம்" என்று எல்லார் வீட்டிலும் பேச்சு வரும். அந்த வாரத்தில் அட்வான்ஸ் வாங்காதீர்கள்.

மனசு எந்தப் பக்கமும் அசையாமல் அமைதியாக இருக்கும்போது செய்ய இஞ்ஞாசியார் சொல்லும் வழிகள் எளிமையானவை. தாளை எடுத்து, விற்பதால் வரும் நன்மை, தீமை. விற்காததால் வரும் நன்மை, தீமை என்று நாலு பத்தி எழுதுங்கள். இரண்டு பத்தி போதுமே என்று நினைக்கக்கூடாது, விற்காததன் தீமையும் விற்பதன் நன்மையும் ஒன்றல்ல என்பது எழுதும்போதுதான் தெரியும். எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள், கனத்தைப் பாருங்கள். அடுத்து, நீங்கள் பார்த்தேயிராத ஒருவர், அவருக்கு நல்லது நடக்க வேண்டும் என்று மட்டும் விரும்புகிறீர்கள், இதே 60 சென்ட்டோடு உங்களிடம் வந்தால் என்ன சொல்வீர்கள்? பிறகு, சாகும் வேளையில் படுத்திருக்கும்போது எதைச் செய்திருக்க விரும்புவீர்கள்? மூன்றும் ஒரே பக்கம் காட்டினால் அதைக் கர்த்தர் முன் வைத்து, உறுதிப்படுத்தக் கேட்டுக் காத்திருங்கள். வேறு வேறு பக்கம் காட்டினால் உங்களுக்கு ஏதோ ஒன்றின்மேல் பற்று அதிகம். எதன்மேல் என்று அந்த நாலு பத்தியே காட்டிக்கொடுக்கும்.

ஆலோசனைக்கு மூன்று பேர் போதும். காரியம் தெரிந்த ஒருவர். அவர் விசுவாசியாக இருக்க வேண்டியதில்லை, நல்ல பத்திர எழுத்தர் போதும். உங்களைத் தெரிந்த ஒருவர், உங்கள் கோபத்தையும் அவசரத்தையும் சேர்த்து. இதில் ஒரு பைசா லாபமும் இல்லாத ஒருவர். இடம் கைமாறினால் கமிஷன் வருகிற மூப்பர் மூன்றாவது ஆள் ஆகமாட்டார். "எனக்காக ஜெபிங்க" என்று மட்டும் கேட்டால் "சரி" என்பார்கள், அதோடு போச்சு. "நான் எதைப் பார்க்காமல் இருக்கிறேன்?" என்று கேளுங்கள். ரெகொபெயாம் ராஜா பெரியவர்களிடமும் கேட்டார், கூட வளர்ந்தவர்களிடமும் கேட்டார். தனக்குப் பிடித்ததைச் சொன்னவர்கள் பக்கம் போனார், ராஜ்யம் இரண்டானது.

தவறிப்போகிற கடைசி இடம், முடிவெடுத்த பிறகு. தரிசனத்தைப் பார்த்து மக்கெதோனியாவுக்குப் போன பவுல் பிலிப்பியில் கண்டது ஆற்றங்கரையில் கூடியிருந்த பெண்களை. பிறகு அடி, தொழுமரம், சிறை. கஷ்டம் வந்துவிட்டது, ஆகவே சித்தம் இல்லை என்று அவர் கணக்குப் போடவில்லை. மறுபக்கமாக, கிபியோனியருக்குக் கொடுத்த வாக்கு ஏமாந்து கொடுத்ததுதான், ஆனாலும் இஸ்ரவேல் அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. பின்னாளில் சவுல் அதை மீறியதற்கு மூன்று வருஷம் பஞ்சம் வந்தது (2 சாமுவேல் 21). அவசரத்தில் முடித்த கல்யாணத்தை "அது தேவசித்தம் இல்லை, ஆகவே" என்று முறிக்கக் காரணம் தேடுகிறவர்கள் இந்த இரண்டு அதிகாரத்தையும் சேர்த்து வாசிக்கலாம். அடி விழுகிற வீட்டில் இருந்துதான் ஆக வேண்டும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அங்கே முதல் வேலை பாதுகாப்பான இடத்துக்குப் போவது.

தவறான இடத்தில் முதல் அடி வைத்தவர்களையும் கர்த்தர் விட்டுவிடுவதில்லை. மதுரை அமெரிக்க மிஷன்காரர்கள் கீழே காய்ச்சலில் ஆட்களை இழந்துகொண்டே இருந்தபோது முதலில் பார்த்தது சிறுமலையை. அங்கும் காய்ச்சல் விடவில்லை. அதற்கப்புறம்தான் இன்னும் உயரமாகப் பழனி மலைத்தொடருக்கு ஏறி, 1845-ல் கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள்.

நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். முடிவெடுத்த தேதி, காரணம், அன்று தெரிந்திருந்தது, தெரியாதிருந்தது, நாலும் நாலு வரி. ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிறு மதியம் எடுத்துப் பாருங்கள். அடுத்த கேள்வி வரும்போது எந்தக் கட்டத்தில் வழக்கமாக ஏமாறுகிறீர்கள் என்று தெரிந்திருக்கும்.

அந்த 60 சென்ட் குடும்பத்து நோட்டில் முதல் வாரக் கடைசியில் இருக்க வேண்டிய வரிகள் ஆன்மிகமாக ஒன்றும் தெரியாது. வில்லங்கச் சான்றுக்குப் போட்டாச்சு. சர்வேயர் வியாழக்கிழமை வருகிறார். புரோக்கரிடம் ஒரு மாதம் டைம் கேட்டாச்சு, முணுமுணுத்தார். அக்காவுக்குச் சனிக்கிழமை காலையில் போன் பண்ணணும், பேசும்போது அம்மாவும் பக்கத்தில் இருக்கணும்.